நுரை அடங்கிய பின் கசப்பு நீர்

குறிப்பு எண் 1
2025 மார்ச் 3, திங்கட்கிழமை, காலை 8.10

ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இம்மாதம் 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு. சிறப்புரை என்னுடையது. ‘சுற்றுச்சூழலைக் கெடுக்காத எண்ணெய் மீட்பும் கழிவுச் சுத்திகரிப்பும்: உலகக் காப்புரிமைகள் செல்லும் திசை’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். சங்கச் செயலாளர் பிச்சையா அதைத் தொலைபேசியில் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிவிட்டு, “அண்ணாச்சி, இத பேனர்ல அடிச்சா மண்டபத்துல இடம் பத்தாது” என்றார். ஒரு சொல்லையும் குறைக்க முடியாது என்று தெரிவித்துவிட்டேன்.

உரைக்காகக் கடந்த நவம்பர் 18 முதல் நூற்றுப் பன்னிரண்டு காப்புரிமை விண்ணப்பங்களை அச்செடுத்துப் படித்திருக்கிறேன். கீழைக்கரை எண்ணெய்த் தொட்டி நிறுவனத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள், அவற்றுள் கடைசிப் பதினொன்று தலைமை வேதியியலராக, கப்பல்கள் இறக்கும் கழிவெண்ணெயோடும் கசடோடும் வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பழைய விண்ணப்பங்களில் அமிலம், கரைப்பான், உலை. புதியவற்றில் இலை, காய், நுண்ணுயிர். பழையவற்றில் ‘கழிவு’ என்று எழுதப்பட்டது புதியவற்றில் ‘வளம்’. ‘பசுமை’ என்ற சொல் எண்பத்தேழு தலைப்புகளில் வருகிறது. எண்ணினேன். சீனத்துப் பல்கலைக்கழகங்கள் குவிக்கின்றன. ஐரோப்பிய நிறுவனங்கள் குறைவாகக் கேட்டாலும் ஒரே விண்ணப்பத்தைப் பத்து நாடுகளில் வேலி போல நடுகின்றன. வேப்பெண்ணெயும் சீயக்காயும் கொதித்து நுரைத்த அடுப்படிகளை இவர்கள் யாரும் பார்த்ததேயில்லை போலும்.

காலை உணவு இட்லி. ஒன்று வேகவில்லை.

குறிப்பு எண் 2
2025 மார்ச் 6, வியாழக்கிழமை, பிற்பகல் 3.40

பிற்பகல் தூக்கம் போயிற்று. முதுமையினால் அல்ல.

நூற்றுப் பதின்மூன்றாவது விண்ணப்பம். ஐரோப்பிய நிறுவனம் ஒன்று 2021-இல் தாக்கல் செய்து, சர்வதேச விண்ணப்பமாக்கி, கொரியா, பிரேசில், சீனம், இந்தியா ஆகிய நாடுகளுக்கும் கொண்டுவந்திருக்கிறது. உரிமைக்கோரல் எண் ஒன்று கூறுவது இது. எண்ணெய்க் கசடைப் பூந்திக்கொட்டைச் சாற்றோடு கலந்து மிதமாகச் சூடாக்க வேண்டும். நுரை முழுவதும் அடங்கும்வரை அசைக்கக் கூடாது. அடங்கிய பின்னரே மக்னீசியம் மிகுந்த உப்புநீரை ஊற்ற வேண்டும்; அதுவும் இரு தவணையாக, இரண்டாம் தவணை முதலாவதில் பாதி.

இது என்னுடைய முறை! தூத்துக்குடியில், எங்கள் ஆய்வகத்தில், 1997-இல் நடந்தது. அந்நாளில் உலகம் முழுவதும் உப்பையும் நுரையையும் ஒன்றாகக் கலக்கிவிட்டு எண்ணெய் பிரியவில்லையே என்று கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. காத்திருக்க வேண்டும் என்பதுதான் முறையின் உயிர். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர்தான் அந்த ‘மக்னீசியம் மிகுந்த உப்புநீர்’. அந்த நிறுவனத்துக்கு உப்பளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியுமா?

மனைவி உலகம்மாளிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“பூந்திக்கொட்டைக்கா உரிமை கேக்கான்? எங்கம்மா பட்டுச்சேல அலசுனதுக்கும் கேசு போடுவானா?”

“பூந்திக்கொட்டைக்கு இல்லை. வரிசைமுறைக்கு.”

“வரிசையா? அப்ப ரேஷன் கடையில நிக்க நாம எல்லாம் கையெழுத்துப் போடணும்.”

ஐம்பத்தொரு ஆண்டுகளாக இவளோடு அறிவியல் பேசிவருகிறேன்.

குறிப்பு எண் 3
2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.25

பிச்சையா நேரில் வந்தார். எட்டரைக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்பது ஐம்பதுக்கு வந்தார். நான் என் கண்டுபிடிப்பைக் கூறத் தொடங்குமுன் அவரே ஒரு கடிதத்தை நீட்டினார். அதே ஐரோப்பிய நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு விசைப்படகுகளின் அடியில் தேங்கும் தண்ணீரிலிருந்து எண்ணெய் பிரிக்கும் மகளிர் குழுவுக்கு எழுதியிருக்கிறார்கள். காப்புரிமை கிடைத்ததும் வழக்கு. விண்ணப்பம் வெளியான நாளிலிருந்தே இழப்பீடு கோரப்படும். ஆகவே இப்போதே நிறுத்துக. இதே கடிதத்தின் நகல் துறைமுக அதிகாரிக்கும் போயிருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் விவகாரத்தைத் தீர்க்காவிட்டால் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம். கொட்டகையில் ஒன்பது பெண்கள்.

குழுவை நடத்துபவர் தங்கபுஷ்பம். 1989 முதல் 1998 வரை என் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பின்னர் எடைமேடைக்கு மாற்றப்பட்டு, ஆலை மூடும்வரை அங்கேயே லாரிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். மாற்றத்துக்கான காரணம் இங்கே தேவையில்லை.

“அவள் என் முறையைப் பயன்படுத்துகிறாளா?” என்று கேட்டேன்.

பிச்சையா என்னை ஒரு விதமாகப் பார்த்தார். “அண்ணாச்சி, யாரு முறைன்னு அப்புறமாப் பேசுவோம். உரிமை குடுக்குறதுக்கு முந்தி யாரு வேணும்னாலும் எதிர்ப்பு மனு போடலாமாம். ஆனா சும்மா ‘எங்களுக்குத் தெரியும்’னு சொன்னா செல்லாது. அவன் தாக்கல் பண்ணதுக்கு முன்னயே இது ஊரறிஞ்ச சங்கதின்னு காகிதம் காட்டணும். உங்ககிட்ட இல்லாத காகிதமா?”

உண்மை. இன்று வரையிலான என் நாட்குறிப்புகள் ஐம்பத்து மூன்று, ஆண்டு வரிசையில் உள்ளன.

குறிப்பு எண் 4
2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 7.00

ஆலையின் ஆய்வகப் பதிவேடுகள் 2009-இல் பழைய காகிதக்காரருக்குப் போய்விட்டன. நாட்குறிப்புகள் உள்ளன, ஆனால் பயனில்லை. விதிகளை மூன்று முறை வாசித்தேன். பூட்டிய அலமாரியில் இருக்கும் ஒன்றை, அது எத்தனை துல்லியமாக இருந்தாலும், பொதுமக்கள் அறிந்ததாகக் கொள்ள மாட்டார்கள். நான் இரகசியம் காத்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தாள் வெளியே போகவில்லை. அதற்கான பரிசு இது.

பிச்சையாவைத் தொலைபேசியில் அழைத்து இதைக் கூறினேன். அவர் சிரித்தார்.

“நீங்க விடல. ஆனா ஒரு தாளு வெளிய போச்சு. தொண்ணூத்தெட்டு ஆயுத பூஜை மலரு. நாந்தான் ஆசிரியர். சங்க அலமாரியில ஒரு பிரதி கெடக்கு. மறந்துட்டியளா?”

மறக்கவில்லை. நம் ஊர் ஆலைகளில் ஆயுத பூஜை என்றால் இயந்திரத்துக்குச் சந்தனம், வாசலுக்கு வாழை, தொழிற்சங்கத்துக்கு ஒரு மலர். பொதுச்செயலாளரின் படம், ஃபோர்மேன்களின் கவிதை, குழந்தைகளின் கோலம். அந்தக் குப்பைக்கு நடுவே என் ஆய்வகத்தின் முறையை, என் அனுமதியின்றி, ‘நுரை அடங்கட்டும்’ என்று சமையல் குறிப்பைப் போலத் தலைப்பிட்டுத் தங்கபுஷ்பம் எழுதியிருந்தாள். நிர்வாகத்துக்கு நான் புகார் அளித்தது முறையான செயல். அதன் பேரில் அவர்கள் எடுத்த நடவடிக்கை அவர்களுடையது.

அந்தத் திருட்டையா இப்போது ஆதாரமாகக் காட்டுவது?

குறிப்பு எண் 5
2025 மார்ச் 12, புதன்கிழமை, மாலை 5.15

1997-ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்து பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமையை வாசித்தேன். இன்று நடைப்பயிற்சிக்குப் போகவில்லை.

குறிப்பு எண் 6
2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 6.30

ஒழுங்கு கருதி அப்பக்கத்தை இங்கே படியெடுக்கிறேன்: ‘த.பு. ஒரு குடுவை கொண்டுவந்தாள். உப்பளத்துக் கசப்பு நீர். அவள் அம்மா அங்கே வேலையாம். எண்ணெய் அப்பிய கையை இப்படித்தான் கழுவுவார்களாம். நான் உப்பைக் கலக்கப் போனபோது, நுரை அடங்கட்டும் சார் என்றாள். எரிச்சல் வந்தது. விட்டுவிட்டேன். மாலையில் பார்த்தால் எண்ணெய் தனியே நிற்கிறது. சரிபார்க்க வேண்டும்.’

இதிலிருந்து அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. குடுவையைக் கொண்டுவருவது வேறு. முறையை நிறுவுவது வேறு. பதினான்கு மாதங்கள் வெப்பத்தை அளந்தவன் நான். அட்டவணை இட்டவன் நான். இரண்டாம் தவணை பாதியாக இருக்கவேண்டும் என்று கண்டதும்…

அது பற்றி நாட்குறிப்பில் மார்ச் 3, 1997-இல் ஒரு வரி இருக்கிறது. அதைப் படியெடுக்கவில்லை.

உலகம்மாள் நேற்றிரவு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. “என்ன, உடம்புக்கு முடியலையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குறிப்பு எண் 7
2025 மார்ச் 17, திங்கட்கிழமை, பிற்பகல் 2.20

காலை 9.45-க்குப் பிச்சையாவுடன் கொட்டகைக்குச் சென்றேன். தகரக் கூரை. பன்னிரண்டு நீல நிறப் பீப்பாய்கள், வரிசை எண்ணுடன். எண்கள் நேராக எழுதப்பட்டிருந்தன என்பதைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு பீப்பாயின் மேலும் சாக்பீஸால் நேரம் எழுதியிருந்தது. ஒரு பெண் மூடியைத் திறந்து பார்த்து, “ஏழாவது இன்னும் பொங்கிக்கிட்டுத்தான் கெடக்கு, தொடாதீங்க” என்று மற்றவளை அதட்டினாள்.

தங்கபுஷ்பத்துக்கு இப்போது அறுபத்தொரு வயது. தலை முழுவதும் நரைத்துவிட்டது. அதே உரத்த குரல்.

“வாங்க சார். இருவத்தாறு வருசம் கழிச்சு லேபுக்கு வந்திருக்கிய. அந்த ஸ்டூல்ல உக்காராதிய, எண்ணெ இருக்கு, வேட்டி போயிரும்.”

நின்றுகொண்டேன். மலரில் உள்ள கட்டுரை மட்டும் போதாது என்று விளக்கினேன். அது ஆலைக்குள் ஊழியர்களுக்கு மட்டும் வழங்கப்பட்ட உள்ளிதழ் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். வெளியாட்கள் கையில் கிடைத்தது என்பதற்கு அக்காலத்துச் சான்று வேண்டும்.

“இருக்கு சார்” என்றாள். உள்ளே போய்க் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். 9.10.1998 தேதியிட்ட என் புகார்க் குறிப்பாணை. அவளுக்கு வழங்கப்பட்ட பிரதி. லேமினேட் செய்திருந்தாள். மூல ஆவணத்தை லேமினேட் செய்வது பெரும் பிழை என்று சொன்னேன்.

“எதுக்கு இதை இப்படி வச்சிருக்கே?” என்று பிச்சையா கேட்டார்.

“கோவம் ஆறிரக் கூடாதுல்லா அண்ணாச்சி” என்றாள்.

பிறகு நான்காம் பத்தியை அவளே உரக்க வாசித்தாள். பீப்பாய்களை விட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். என் நடை அது, மறுக்க இயலாது. ‘மேற்படி கட்டுரை ஆலைக்கு வெளியே தாராளமாகக் கிடைக்கிறது. 7.10.1998 புதன் மாலை 4.35-க்கு இரண்டாம் நுழைவாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் எனக்கு அளிக்கப்பட்ட இரண்டு உளுந்து வடைகள் இம்மலரின் 23, 24-ஆம் பக்கங்களைக் கொண்ட தாளில் பொதியப்பட்டிருந்தன. நிறுவனத்தின் இரகசியம், வடை வாங்கும் எவருக்கும் கூடவே கிடைக்கும் நிலை உள்ளது.’

கொட்டகையே குலுங்கியது. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மிச்சம் நானூறு மலரு கெடந்துச்சு” என்றார் பிச்சையா. “நாந்தான் டீக்கடை சுடலைக்குக் கொடுத்தேன். அண்ணாச்சி, தேதி, நேரம், எத்தன வட வரைக்கும் எழுதி வச்சிருக்கியளே! இத விட என்ன சாட்சி வேணும்?”

என் புகாரின் ஒவ்வொரு சொல்லும் இப்போது எங்கள் பக்கம். நான் சிரிக்கவில்லை. இரண்டாம் பத்தியை அவள் வாசிக்காமல் தாண்டிச் சென்றதைக் கவனித்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நினைவிருக்கிறது.

குறிப்பு எண் 8
2025 மார்ச் 20, வியாழக்கிழமை, காலை 10.05

கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மனுவுடன் சேர்க்கும் பணி என்னுடையது. மூன்று நாட்களாக அதே வேலை. வெப்பம், நேரம், இரு தவணை அனைத்தும் உள்ளன. உரிமைக்கோரல் எண் ஒன்றில் இருப்பது ஒன்றும் இதில் விடுபடவில்லை. ஒரு படி கூடுதலாகவே உண்டு: கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை அடுத்த பீப்பாய்க்குத் திருப்பி எடுப்பது. அந்த ஐரோப்பியருக்கு இது இன்னும் தோன்றவில்லை.

கடைசிப் பத்தி: ‘இதைச் செய்து பார்க்க எனக்கு இடமும் நேரமும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் அளந்து எழுதச் சொல்லிக்கொடுத்த எங்கள் தலைமை வேதியியலர் ஆவுடைநாயகம் சாருக்கு இந்தக் கட்டுரையைக் காணிக்கையாக்குகிறேன்.’

1998-இல் இக்கட்டுரையை நான் மூன்றாம் பத்தியோடு வாசித்து நிறுத்தியிருக்கிறேன். வடைத் தாளின் மறுபக்கத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

குறிப்பு எண் 9
2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.00

உரை நிகழ்ந்தது. நாற்பத்தொரு பேர். பேனரில் தலைப்பின் பாதிதான் இருந்தது. ஒலிபெருக்கி இரு முறை கத்தியது. உலகப் போக்குகளை ஆண்டுவாரியாக விளக்கினேன். கழிவைச் சுத்தப்படுத்துவதற்கு உலகம் இப்போது பெற விரும்புவது, கைகளால் வேலை செய்தவர்களின் அறிவு. ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கைகளின் பெயர் இருப்பதில்லை என்று கடுமையாகவே சொன்னேன். கைதட்டினார்கள்.

கொதிகலன் பிரிவில் இருந்த அந்தோணிசாமி எழுந்து, “சார், இந்த நூத்திப் பதிமூணுல நம்ம ஊர்க்காரன் யாராச்சும் உண்டா?” என்று கேட்டார்.

“எங்கள் ஆய்வகம் 1997-லேயே இதைச் செய்தது” என்று பதில் கூறினேன்.

எங்கள் ஆய்வகம். பெயர் சொல்ல இரண்டு விநாடி போதும். தங்கபுஷ்பம் கடைசி வரிசையில் இருந்தாள் என்பதை உலகம்மாள் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். தேநீருக்கு முன்பே எழுந்து போய்விட்டாளாம்.

“வெள்ளக்காரன் செஞ்சதும் இதானே?” என்றாள் உலகம்மாள், ஆட்டோவில்.

குறிப்பு எண் 10
2025 மார்ச் 26, புதன்கிழமை, இரவு 8.50

பிச்சையா தகவல் கொண்டுவந்தார். தங்கபுஷ்பம் குறிப்பாணையைத் தரமாட்டாளாம்.

“அது சொல்லுது: ‘சார் தாளுல நான் திருடி. சார் பேச்சுல நான் இல்லவே இல்ல. மனுவுல நான் யாரா இருக்கப்போறேன்னு எழுதிக் காட்டட்டும், அப்புறம் தாளு’ன்னு. எனக்குக் கோவம் வரல அண்ணாச்சி. ஞாயந்தான்.”

அவளுடைய கொட்டகையைத்தான் காப்பாற்ற முயல்கிறோம், அதற்கே நிபந்தனையா என்று சத்தமிட்டேன். பிச்சையா காபியைக் குடித்து முடித்து, டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பிற்பகல் உறுதிமொழிப் பத்திரம் எழுத அமர்ந்தேன். முதல் வரைவு: ‘என் மேற்பார்வையில் கண்டறியப்பட்டது.’ கிழித்தேன். இரண்டாவது: ‘எங்கள் ஆய்வகத்தில்.’ கிழித்தேன். மூன்றாவது: ‘திருமதி தங்கபுஷ்பத்தின் உதவியுடன்.’ அதை எழுதி முடிக்கவில்லை.

மார்ச் 3, 1997-ஐப் படியெடுக்கிறேன். ‘இரண்டாம் முறை பாதி ஊற்றினால் போதும் என்கிறாள். எப்படித் தெரியும் என்றேன். பார்த்தால் தெரிகிறது சார் என்றாள். அவள் சொன்னது சரி. எனக்குத் தெரியவில்லை.’

குறிப்பு எண் 11
2025 மார்ச் 29, சனிக்கிழமை, காலை 11.40

கொட்டகைக்குத் தனியாகச் சென்றேன். பத்திரத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து, நின்றபடியே முழுவதும் வாசித்தாள். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“ரெண்டாவது பக்கத்துல வெப்பம் தப்பா போட்டிருக்கிய சார். அம்பத்தஞ்சு. அறுவது இல்ல.”

சரிபார்த்தேன். ஐம்பத்தைந்துதான்.

“எதிர்ப்பு மனு நீ போட வேண்டும்” என்றேன். “நான் சாட்சி மட்டும்.”

“அது எனக்கு முந்தியே தெரியும்” என்றாள். ஆனால் தாளை இன்னும் தரவில்லை. “ரெண்டாம் பத்தி ஒண்ணு இருக்குல்லா.”

“இருக்கிறது.”

“அதுவும் சேந்து போவும். மெட்ராஸ்ல எந்த ஆபீசரோ வாசிப்பாரு.”

ஏழாம் பீப்பாயைத் திறந்தார்கள். எண்ணெய் கறுப்புக் கண்ணாடியாக மேலே நின்றது. “நல்லா நிக்குது” என்றேன். “நிக்கும்” என்றாள். பிறகு ஸ்டூலின் மேல் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, “உக்காருங்க” என்றாள். தாளை நாளை பிச்சையாவிடம் கொடுத்தனுப்புகிறாளாம்.

குறிப்பு எண் 12
2025 ஏப்ரல் 2, புதன்கிழமை, காலை 11.15

விரைவஞ்சல், தலைமை அஞ்சலகம், 10.50. துறைமுக அதிகாரிக்கு நகல் கையில் கொடுத்து ஒப்புகை பெற்றாயிற்று. ‘எங்களிடமிருந்து எடுத்ததை எங்களுக்கே தடை செய்யும் இவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட வேண்டும்’ என்று மனுவின் முடிவில் தங்கபுஷ்பம் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தாள். சட்ட நடையில் இல்லை. திருத்தவில்லை.

மனுவுடன் இணைக்கப்பட்டவை:

1. எதிர்ப்பு மனு, உரிய படிவத்தில், இரு பிரதிகள். எதிர்ப்பாளர்: திருமதி த. தங்கபுஷ்பம்.

2. ஆயுத பூஜை மலர், 30.9.1998, முழுமையாக, 36 பக்கங்கள்.

3. மேற்படி மலரின் 23, 24-ஆம் பக்கங்களில் உள்ள கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடைசிப் பத்தி உட்பட.

4. மலரின் ஆசிரியர் திரு. பிச்சையாவின் வாக்குமூலம், மிச்சப் பிரதிகள் தேநீர்க் கடைக்குக் கொடுக்கப்பட்டது குறித்து.

5. 9.10.1998 தேதியிட்ட குறிப்பாணை, சான்றளிக்கப்பட்ட நகல். நான்காம் பத்தி காண்க.

6. வே. ஆவுடைநாயகம், ஓய்வுபெற்ற தலைமை வேதியியலர், வயது 79, அளிக்கும் உறுதிமொழிப் பத்திரம். இம்முறையைக் கண்டறிந்தவர் திருமதி தங்கபுஷ்பம் என்றும், தான் அளந்து எழுதியவன் மட்டுமே என்றும்.

7. பிழைதிருத்தம், ஒரு பக்கம். இணைப்பு 5-இன் இரண்டாம் பத்தியில் ‘திருட்டு’ என்று உள்ள சொல் பொய். எழுதியவன் நான். இருபத்தாறு ஆண்டு, ஐந்து மாதம், இருபத்து நான்கு நாள் தாமதத்துக்கு விளக்கம் ஏதும் இணைக்கப்படவில்லை.